பெரிய வீட்டுச் சொந்தங்கள் குரூப்: கார்த்தி வண்டியில விசில்

சனி, காலை 7:40

கார்த்தி: செல்வம் மாமா, பிரபு அண்ணா, வண்டியில ஒரு சத்தம். 2012 மாடல், 1.3 மல்டிஜெட் டீசல், 1,38,000 கி.மீ. மூணாவது கியர்ல மிதிச்சா 1,800 ஆர்பிஎம்ல "ஸ்ஸ்ஸ்"னு ஆரம்பிக்குது. 2,500 கிட்ட போனா விசில் மாதிரி ஆயிருது. இழுவையும் குறைஞ்சிருச்சு. ஒர்க்‌ஷாப்ல பானெட்டைத் திறந்து ரேஸ் பண்ணிக் கேட்டுட்டு, டர்போ போச்சு மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

மல்லிகா அத்தை: வண்டிய எடுக்காத சாமி, பஸ்ல போ

செல்வம் மாமா: இருங்க அக்கா, அதுக்குள்ள என்ன. மாப்ள, முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. நின்ன இடத்துல நியூட்ரல்ல ரேஸ் பண்ணா விசில் வருதா? கிளட்ச் மிதிச்சா மாறுதா? புகை என்ன கலர்? ஆயில் குறையுதா?

கார்த்தி: நியூட்ரல்ல விசில் இல்ல மாமா. கிளட்சுக்கும் ஏசிக்கும் சம்பந்தமே இல்ல. மேம்பாலம் ஏறறப்ப கருப்புப் புகை. ஆயில் டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல, போன மாசம் இருந்த அளவுலயே நிக்குது.

செல்வம் மாமா: அப்ப பெல்ட், ஆல்டர்னேட்டர் பேரிங், கிளட்ச் பேரிங் எல்லாத்தையும் விட்டுரு. அதெல்லாம் லோடு இல்லாமலே கத்தும். இது பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள அழுத்தித் தள்ற காத்து, ஏறினா மட்டும் வர்ற சத்தம். நியூட்ரல்ல டர்போவுக்குப் பெருசா வேலை கிடையாது, பூஸ்ட் அவ்வளவா ஏறாது. ஷெட்டுல நிறுத்திக் கேட்டுட்டு எப்படி டர்போ போச்சுன்னு சொன்னாங்களோ!

பிரபு அண்ணன்: டர்போ நிஜமாவே போனா சத்தம் வேற மாதிரி இருக்கும்டா. பேரிங் தேஞ்சு கம்ப்ரசர் வீல் (காத்தைத் தள்ற விசிறி) ஹவுசிங்ல உரசினா போலீஸ் சைரன் மாதிரி ஊளை. கால எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இழுத்துட்டே இறங்கும். கூடவே நீலப் புகை, ஆயில் குறையும். உனக்கு "ஸ்ஸ்"னு காத்து சீறுது, புகை கருப்பு. ஹோஸ் லீக்னுதான் தோணுது.

கார்த்தி: ஹோஸ் லீக்னா கருப்புப் புகை ஏன் வருது?

சுதா அக்கா: ஏர் ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்னாடி இருக்கு. உள்ள போன காத்தை அது அளந்துட்டு இசியுவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) சொல்லிரும். இசியு அதுக்குத் தகுந்த மாதிரி டீசல் விடும். ஆனா அந்தக் காத்துல கொஞ்சம் வழியிலயே வெளிய போயிருது. டீசல் அதிகம், காத்து கம்மி, முழுசா எரியாம கரியா வருது. உன்கிட்ட இசியு நம்பரைப் போன்ல காட்டற ஓபிடி புளூடூத் அடாப்டர் இருக்குல்ல? இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷரைப் பார்த்துச் சொல்லு. இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவி மட்டும் ஆன் பண்ணா கோயம்புத்தூர் உயரத்துக்கு 96, 97 கிலோபாஸ்கல் காட்டணும். அது சரியா இருந்தாத்தான் சென்சாரை நம்பலாம். அப்புறம் மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு 2,300 வரைக்கும் போ. நீ ரோட்டைப் பாரு, நம்பரைப் பக்கத்துல இருக்கறவங்க படிக்கட்டும்.

காலை 10:15

கார்த்தி: சாவி ஆன்ல 96. முழுசா மிதிச்சப்ப 138க்கு மேல ஏறல. ஒரு எரர் கோடும் (code) இருக்கு, பி0299.

சுதா அக்கா: அண்டர்பூஸ்ட், பூஸ்ட் பத்தலன்னு அர்த்தம். முழு லோடுல அது 200ஐ ஒட்டியாவது வரணும். ஆனா டர்போ தேஞ்சாலும் இதே கோடுதான், வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போற புகையில கொஞ்சத்தை வழி மாத்தி விடற கதவு) மூடாம நின்னாலும் இதேதான். கோடு வந்துருச்சுன்னு பார்ட் வாங்கிராத.

பிரபு அண்ணன்: இன்ஜின் ஆறினதும் டர்போவைப் பார்த்துரலாம். கழட்டவே வேண்டாம். ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போ வாய்க்கு வர்ற பைப்பை மட்டும் எடு. உள்ள டார்ச் அடி. பிளேடு நுனி உடைஞ்சிருக்கா, ஹவுசிங் சுவத்துல உரசின கோடு இருக்கான்னு பாரு. ரெண்டு விரலால வீல் நடுவுல இருக்கற நட்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டு. லேசா ஆடும், அது சரிதான். உள்ள இருக்கறது ஆயில் படலத்துல மிதக்கற புஷ், ஆயில் வடிஞ்சிருந்தா கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ஆனா ஆட்டறப்ப பிளேடு சுவத்தைத் தொடக் கூடாது. முன்ன பின்ன தள்ளினா கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது, தெரிஞ்சா த்ரஸ்ட் பேரிங் போச்சு. பைப் கழட்டின நிலையில மறந்தும் ஸ்டார்ட் பண்ணிராத, விரலும் போகும் வீலும் போகும்.

பிரபு அண்ணன்: அப்படியே வேஸ்ட்கேட் ராடையும் கையால இழுத்துப் பாரு. ஸ்பிரிங் கனமா இருக்கணும், விட்டதும் டக்குனு திரும்பணும்.

மல்லிகா அத்தை: அது போனா என்ன ஆகும் பிரபு? வண்டி நின்னுருமா?

பிரபு அண்ணன்: நிக்காம ஓடறதுதான் அத்தை ஆபத்து. டர்போ சீல் போய் ஆயில் இன்டேக்குக்குள்ள கொட்டினா டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சு ஓடும். சாவி ஆஃப் பண்ணாலும் நிக்காது, ஆர்பிஎம் ஏறிட்டே போகும். அப்ப டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதிச்சு, கிளட்சை டக்குனு விட்டு இன்ஜினை அடக்கணும். அதனாலதான் நீலப் புகையும் ஊளையும் சேர்ந்து வந்தா ஓட்டாதீங்க, டோ பண்ணுங்கன்னு சொல்றது. கார்த்தி வண்டியில அந்த அறிகுறி இல்ல.

மதியம் 12:30

கார்த்தி: பிளேடு முழுசா இருக்கு. உரசின கோடு இல்ல. பக்கவாட்டுல துளி ஆட்டம், முன்ன பின்ன ஒண்ணுமில்ல. ராடும் நல்லா திரும்புது. இன்டேக் ஹோஸையெல்லாம் தடவிப் பார்த்தேன், எங்கயும் கிழிசல் தெரியல.

செல்வம் மாமா: தெரியாது மாப்ள. வளைவுல இருக்கற வெடிப்பு காத்து இல்லாதப்ப மூடிட்டு நிக்கும், பூஸ்ட் ஏறினாத்தான் வாயைத் திறக்கும். பிரஷர் கொடுத்துத்தான் பிடிக்கணும். டர்போ வாயோட வெளி விட்டத்தை அளந்து அதுக்கு ஏத்த பிவிசி எண்ட் கேப் வாங்கு. நடுவுல துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வை மாட்டு. கேப்பை ஒரு துண்டு ஹோஸ், ரெண்டு கிளாம்ப் வச்சு டர்போ வாயிலயே இறுக்கு. ஏர் ஃபில்டர் பக்கம் மாட்டினா பிரீதர் பைப் வழியா காத்து கிராங்க்கேஸுக்குள்ள (இன்ஜினோட அடிப்பகுதிக்குள்ள) போய் ஆயில் சீலைத் தள்ளிரும். கால் பம்ப் போதும். 5 பிஎஸ்ஐல ஆரம்பி, 15ஐத் தாண்டாத. கேப் தெறிக்கும், நேர் எதிர்ல முகத்தை வைக்காத.

செல்வம் மாமா: பம்ப் கேஜ் முள்ளு இறங்கிட்டே இருக்கும், அதைப் பார்த்து லீக்னு முடிவு பண்ணாத. ஏதாவது ஒரு சிலிண்டர்ல வால்வ் திறந்துதான் நிக்கும், அது வழியா கொஞ்சம் போகத்தான் செய்யும். ஒருத்தர் பம்பை மிதிக்கட்டும், நீ சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பண்ணிட்டே வா. ஹோஸ் வளைவோட அடிப்பக்கம், கிளாம்ப் ஓரம், டர்போ காத்தை ஆற வைக்கற இன்டர்கூலரோட பிளாஸ்டிக் தொட்டி ஜாயின்ட். எங்க எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கோ அங்க முதல்ல அடி.

மாலை 4:05

கார்த்தி: (படம்) மாமா சிக்கிருச்சு! இன்டர்கூலர்ல இருந்து மேல இன்டேக்குக்கு வர்ற ஹோஸ், கீழ் வளைவுல. 10 பிஎஸ்ஐல நுரை பொங்குது. வெடிப்பு ரெண்டு விரல் நீளம்.

செல்வம் மாமா: அதேதான். டேப் சுத்தி ஓட்டலாம்னு நினைக்காத, எண்ணெய் ஊறின ரப்பர்ல நிக்காது. கம்பெனி ஹோஸே வாங்கு. கலர் கலரா விக்கற சிலிக்கான் ஹோஸ்ல உள்பக்கம் ஃப்ளூரோ லைனர் இல்லேன்னா ஆயில் கசிஞ்சு வெளிய வரும். இன்டர்கூலர் மூக்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சு, காஞ்ச பிறகு மாட்டு. கிளாம்ப் அந்த மேடு விளிம்புக்கு உள்பக்கம் உக்காரணும், மேடு மேல உக்காந்தா பூஸ்ட்ல கழண்டுரும். ஒரு தடவை ஓட்டிச் சூடாகி ஆறினதும் மறுபடி ஒரு இறுக்கு.

பிரபு அண்ணன்: ஹோஸைக் கழட்டறப்ப இன்டர்கூலரைக் கவுத்துப் பாரு. உள்ள எண்ணெய்ப் படலம் இருக்கறது சகஜம், பிரீதர்ல இருந்து வர்றது. ஒரு டம்ளர் அளவு கொட்டினா உடனே எனக்குச் சொல்லு.

கார்த்தி: சரிண்ணா. ஒரு விஷயம், ஹோஸைத் தேடறப்ப இன்ஜின் மேல் கவரைக் கழட்டினேன். மூணாவது இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சற பார்ட்) அடியில தார் மாதிரி கருப்பா ஒட்டியிருக்கு. ஐடில்ல "சப் சப்"னு ஒரு சின்ன சத்தமும் இருக்கு.

செல்வம் மாமா: அது செப்பு வாஷர் லீக், எரிஞ்ச கேஸ் மேல வருது. இன்ஜெக்டரைச் சுத்தி கொஞ்சம் டீசல் ஊத்திட்டு ஐடில்ல விடு, குமிழ் வந்தா உறுதி. தள்ளிப் போடாத, கரி கெட்டியானா இன்ஜெக்டர் வெளிய வராது, அது உக்கார்ற சீட்டும் அரிச்சுப் போகும். புதுசா வாஷர் மட்டும் போட்டாப் பத்தாது. சீட்டை கட்டர் வச்சுச் சுத்தம் பண்ணணும், துளையை அடைச்சு, கட்டர் மேல கிரீஸ் தடவி, கரி சிலிண்டருக்குள்ள விழாம.

சுதா அக்கா: நாலையும் கழட்டினா நம்பர் எழுதி வைங்க மாமா. இடம் மாறினா இன்ஜெக்டர் கோடை இசியுல திரும்ப எழுதணும். ஓடறப்ப யாரும் ஹை பிரஷர் பைப் நட்டுல கை வைக்காதீங்க, லோடுல பிரஷர் 1,000 பாருக்கு மேல போகும், டீசல் தோலுக்குள்ளயே இறங்கிரும்.

கார்த்தி: திங்கக்கிழமை பல்லடம் போகணும், அதுவரைக்கும் ஓட்டலாமா?

செல்வம் மாமா: ஹோஸ் மாட்டிட்டு எரர் கோடை அழிச்சுட்டு ஓட்டு. மறுபடி மிதிச்சுப் பார்த்து பூஸ்ட் நம்பரை இங்க போடு. வர்ற வழியில நாலு செப்பு வாஷர் வாங்கிக்க, பழசோட தடிமனை அளந்து அதே அளவுல. சாயங்காலம் இன்ஜெக்டரைக் கழட்டலாம்.