புதுப்பிப்பு: அம்மாவின் கடைவாய்ப்பல் எடுத்தாயிற்று

அம்மாவின் கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுக்கும் முன், இதயத்துக்காக அவர் அன்றாடம் உட்கொள்ளும் ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. பல் மருத்துவர் இதய மருத்துவரைக் கலந்து பேசிவிட்டு, குறைந்த அளவு ஆஸ்பிரினால் சற்றுக் கூடுதலாகக் கசியும் இரத்தத்தை அழுத்தியும் தையலிட்டும் அடக்கிவிடலாம் என்றும், மாத்திரையைத் திடீரென விடுவதால் இதயத்துக்கு நேரக்கூடிய ஆபத்தே பெரிது என்றும் விளக்கினார். மரத்துப்போகும் ஊசி மட்டுமே என்பதாலும், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதாலும், காலை உணவையும் மாத்திரைகளையும் வழக்கம்போல் முடித்துக்கொண்டே வரச் சொன்னார்.

பல் இருந்த குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் புண் ஆறுவதற்கு அடித்தளம் என்பதால், முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ, எதையும் உறிஞ்சிக் குடிக்கவோ, துப்பவோ கூடாது. வெற்றிலை போட்டுப் பழகிய அம்மாவுக்கு வலியைவிடத் துப்பாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கச் சொன்னால் என்னை முறைத்தார். ஆறிய குழைந்த சாதமும் மோரும்தான் அன்றைய உணவு. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் மெதுவாகச் சாய்த்து வெளியே வழியவிட்டார்.

கிராம்புத் தைலத்தைக் குழிக்குள் விடச் சொன்னவர்களுக்கு நன்றி; அதை நேரடியாக விட்டால் ஈறு வெந்துவிடும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். சில நாள்களில் வலி குறைவதற்கு மாறாகக் காதுவரை பரவினால், இரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளித்தெரிகிறது என்று பொருள். அப்போது உடனே வரச் சொன்னார். அதற்குத் தேவை ஏற்படவில்லை. தையலும் பிரித்தாகிவிட்டது.