அம்மாவின் பட்டுப்புடவையில் மகளுக்குப் பாவாடை

கேள்வி:
அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை 25 ஆண்டுகளாகப் பீரோவில் கிடந்தது. மடிப்புகளில் இழை விட்டிருக்கிறது. கரையும் முந்தானையும் நன்றாகவே இருக்கின்றன. நான்கு வயது மகளுக்குப் பாவாடை தைக்க ஆசை. கத்தரியை எடுத்தால் கை நடுங்குகிறது. எங்கே வெட்டத் தொடங்குவது?

பதில்:
முதலில் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். இற்ற இடமெல்லாம் தெரிந்துவிடும். அவற்றைச் சாக்கட்டியால் குறித்து ஒதுக்குங்கள். கரை பாவாடையின் அடியில் வர வேண்டும். ஆகவே உயரத்தைக் கரையிலிருந்து மேல்நோக்கி அளந்து, புடவையின் நீளவாக்கில் இரண்டு மீட்டர் எடுத்தால் கொசுவத்துக்குப் போதும். உள்துணிக்குப் பழைய வேட்டி. உள்பக்கம் இரண்டு மடிப்பு வைத்துவிடுங்கள், பிள்ளை வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். என் மகளின் பாவாடை அப்படித்தான் மூன்று தீபாவளி கண்டது!

இன்னொரு பதில்:
அந்த மடிப்பை மெஷினில் தைக்காதீர்கள். பட்டில் ஊசித் தடம் மறையாது. மெல்லிய ஊசியால் கையிலேயே ஓட்டுத்தையல் போடுங்கள்.

கேட்டவர்:
வெட்டிவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மா, முந்தானையை மட்டும் மடித்து எடுத்துப் போய்விட்டார். சட்டைக்கு வேறு துணி தேட வேண்டும்.