கீழக்கரையில் 1951 செவர்லே கன்வெர்ட்டிபிள்: கதவு இறங்குது, உப்புத் துரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

கீழக்கரைக் கச்சான் (கேள்வி)

எல்லாருக்கும் சலாம், வணக்கம். வாப்பா 1978-ல தேவகோட்டையில ஒரு பெரிய வீட்டுலேர்ந்து வாங்கின வண்டி. செவர்லே ஸ்டைல்லைன் டீலக்ஸ், கூரைக்குப் பதிலா மடக்குற துணி ஹூட். 216 கியூபிக் இஞ்ச், ஆறு சிலிண்டர், ஸ்டியரிங் கம்பத்துல மூணு கியர், 6 வோல்ட் பேட்டரி. சின்ன வயசுல பெருநாள் தொழுகை முடிஞ்சதும் ஹூட்டை இறக்கி, எங்க எல்லாரையும் பின் சீட்டுல அள்ளிப் போட்டுக்கிட்டு ஏர்வாடி வரைக்கும் போவார். இப்ப அவருக்கு 79 வயசு. அவர் கையால ஓட்டுற தெம்பு இருக்கும்போதே வண்டியைத் தயார் பண்ணிரணும். அவசரம் அதுக்குத்தான்.

இன்ஜின் ஓடுது. பாடிதான் கவலை. ஷெட்டுலேர்ந்து கடல் கூப்பிடு தூரம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கண்ணாடியில விரலை வச்சு இழுத்தா கோடு விழும், அவ்வளவு உப்பு. போன வாரம் டிரைவர் கதவுக்கு அடியில நீளமா ஓடுற பெட்டியை ஸ்க்ரூடிரைவரால தட்டினேன். மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கு, ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. சுரண்டிப் பார்த்தா விரல் கனத்துக்குப் பட்டி, அதுக்குப் பின்னாடி பழைய சாக்கு, அதுக்கும் பின்னாடி தகடே இல்ல. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பட்டறையில தகடு மாத்திட்டோம்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க. கொட்டின துருவை நாக்குல வச்சேன், கரிச்சுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இன்னொன்னு. நடுவுல ஜாக்கி போட்டுத் தூக்கினா டிரைவர் கதவு சாத்த மாட்டேங்குது. இறக்கினா சாத்துது. டிங்கர் ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்து ஒரே வாரத்துல புதுத் தகடு போட்டுத் தர்றேங்கறார். கூட்டாளிங்க 12 வோல்ட் ஆக்கு, டிஸ்க் பிரேக் போடு, பெரிய 235 கியூபிக் இஞ்ச் இன்ஜின் ஏத்துங்கறாங்க. எதை முதல்ல செய்யறது?

காரைக்குடி லேத்

தம்பி, கதவு ஓப்பனிங்கை முட்டுக் கொடுக்காம அந்தப் பெட்டியில கை வைக்க விடாதீங்க. கூரை உள்ள கார்ல தூணும் கூரையும் சேர்ந்து பாடியைப் பிடிச்சுக்கும். இதுல கூரையே கிடையாது. சேஸ்ல எக்ஸ் மாதிரி குறுக்குச் சட்டம், கதவுக்கடியில அந்தப் பெட்டி, இது ரெண்டும்தான் தாங்குது. ரெண்டு பக்கமும் ஒண்ணா வெட்டினா நடு மடங்கிரும். மடங்கின நிலையிலேயே புதுத் தகடு வெல்டிங் ஆயிட்டா, அப்புறம் எந்தக் கதவும் உட்காராது. அப்படி ஒரு வண்டியை நான் திரும்ப அறுத்துச் சரி பண்ணியிருக்கேன். ரெண்டு மடங்கு வேலை.

தளம் மட்டமா இருக்கணும். நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல சேஸுக்கு முட்டு. ட்ரில் பிட்டை அளவுகோலா வச்சு, கதவு இடைவெளியை மேலயும் கீழயும் குறிச்சுக்குங்க. முட்டுக்கு மெல்லிசுத் தகடு செருகிச் செருகி, மேலும் கீழும் ஒரே அளவு வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க. அதுக்கப்புறம் சதுரப் பைப்பை முன் தூணுலேர்ந்து பின் தூணுக்கு உள்பக்கமா, கதவு சாத்த இடம் விட்டு வெல்டிங் பண்ணுங்க. குறுக்கயும் ஒண்ணு. இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்க. கதவை மாட்டிச் சாத்திப் பார்த்துப் பார்த்துத்தான் வெல்டிங் பண்ணணும். ஒரு வாரக் கணக்கெல்லாம் இதுக்கு ஆகாது.

பின் சீட்டுக்கு அடியிலயும் பாருங்க. ஹூட்டைத் தூக்குற பம்ப்புக்கு அந்தக் காலத்துல பிரேக் ஆயில்தான். ஒழுகினா பெயிண்ட்டைத் தின்னுரும், ஈரத்தையும் இழுக்கும்.

பாம்பன் பைபர்

பாய், நான் பைபர் வல்லம் ரிப்பேர் பண்றவன். அதனாலதான் சொல்றேன், ஓட்டை விழுந்த தரையில பைபர் மேட்டும் ரெசினும் ஒட்டிராதீங்க. இரும்போட அது நாள்பட ஒட்டிக்கிட்டு நிக்காது. இடுக்குல ஈரம் புகுந்து, வெளிய தெரியாமலே மிச்சத் தகடும் போயிரும். நீங்க பார்த்த அந்தச் சாக்கு மாதிரிதான்.

துருவைத் தேய்ச்சா மட்டும் போதாது. குழிக்குள்ள உப்பு உட்கார்ந்திருக்கும். அதுக்கு மேல பிரைமர் அடிச்சா கொஞ்ச நாள்ல கொப்புளம் கிளம்பும். நல்லாத் தேய்ச்சு, நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் கழுவுங்க. உங்க ஊர் போர் தண்ணியே உப்பு, அது வேணாம். காவிரித் தண்ணி வர்ற அன்னைக்குக் குடத்துல பிடிச்சு வச்சுக்கிட்டுக் கழுவுங்க. உடனே காய வச்சு, அன்னைக்கே எபாக்சி பிரைமர். ராத்திரி வெறும் தகடாப் போட்டா காலையில செம்மஞ்சளாப் பூத்திருக்கும். புதுப் பெட்டிக்கு அடியில தண்ணி வடியத் துளை விட்டு, உள்ள மெழுகு ஸ்ப்ரே அடிங்க. 1914-ல திறந்த எங்க ஊர்ப் பாலத்துலயே துருவாலதான் 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினாங்க. இந்தக் காத்துக்கு முன்னாடி கார் தகடு எம்மாத்திரம்.

காரைக்குடி லேத்

இன்ஜினை மாத்தாதீங்க. 216-ல ராடு பேரிங் ஈயம் வார்த்தது, அடியில கரண்டி மாதிரி இருக்கிற முனை ஆயிலை அள்ளித் தெளிக்கும். அதிவேகத்துக்கு ஆகாது. ஏர்வாடிக்குப் போக வர தாராளம். 6 வோல்ட்டும் இருக்கட்டும். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். மெல்லிசு கேபிள் போட்டிருந்தா சூட்டுல செல்ப் இழுக்காது. பெருங்கனக் கேபிளும் சுத்தமான எர்த்தும் போட்டாலே மாறும். 12 ஆக்கினா பல்பு, காயில், பெட்ரோல் முள், ஹூட் பம்ப் மோட்டார் எல்லாத்தையும் பார்க்கணும்.

நான் மாத்தச் சொல்றது ரெண்டுதான். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒரே லைன், ஒரு பைப் விட்டா நாலு சக்கரத்துலயும் பிரேக் போச்சு. இரட்டை லைன் சிலிண்டர் தரைக்கடியில வெளிய தெரியாம உட்காரும். அடுத்தது, இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குற ஹோஸும் பம்ப் டயாப்ரமும்.

பரமக்குடி ஆர்.சி.

காகிதத்தையும் பார்த்துக்குங்க. 2021 ஜூலையில வந்த விதிப்படி, 50 வருசம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாம அசல் உருவத்துல இருக்கிற வண்டியை விண்டேஜ்னு பதியலாம். நம்பர்ல வி.ஏ. எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருசம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனா அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. பிரேக்கை மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்து மூலமாக் கேட்டுக்குங்க.

கீழக்கரைக் கச்சான்

எல்லாருக்கும் நன்றி. டிங்கர்கிட்ட இதை வாசிச்சுக் காட்டினேன். ஒத்துக்கிட்டார். டிரைவர் கதவு இடைவெளி மேல 3 மில்லி, கீழ 8 இருந்துச்சு. முட்டு வச்சு, தகடு செருகி, ரெண்டு நாள்ல ரெண்டையும் 5-க்குக் கொண்டு வந்தோம். நேத்து பைப் வெல்டிங் முடிஞ்சது. வாப்பா ஷெட்டுக்கு வந்து கதவைத் திறந்து சாத்தினார். திரும்பவும் திறந்து, இந்தத் தடவை ரெண்டு விரலால மட்டும் தள்ளினார். சாத்திக்கிச்சு. ஒண்ணும் பேசல, மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். நாளைக்கு இடது பக்கம் வெட்டறோம்.