மாடியில் சிக்னல் காட்டுகிறது, வகுப்பு மட்டும் நின்று நின்று வருகிறது

பாளை_வாசகி:
வணக்கம். கீழ்வீடும் மாடியும் உள்ள வீடு. ஃபைபர் இணைப்பு, வேகம் 100 எம்பிபிஎஸ். ரூட்டர் கீழே ஹாலில், இரும்பு பீரோவின் பின்னால் இருக்கிறது. வயர் உள்ளே வந்த இடம் அது என்பதால், மாட்ட வந்தவர் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் மாடி அறையில் படிக்கிறாள். போனில் மூன்று கோடு காட்டுகிறது. ஆனால் வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. பெரிய பிளானுக்கு மாறுவதா, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் என்று கடையில் சொல்கிற ரிப்பீட்டரை வாங்குவதா? தெரிந்தவர்கள் அடிப்படையிலிருந்து சொல்லுங்கள்.

வயர்மேன்_தென்காசி:
அக்கா, இரண்டுக்கும் இப்போது பணம் போடாதீர்கள். முதலில் ரூட்டரையும் லேப்டாப்பையும் லேன் வயரால் இணைத்து வேகம் பாருங்கள். 90க்கு மேல் வந்தால் தெருவிலிருந்து வருவது ஒழுங்காக வருகிறது. கோளாறு வீட்டுக்குள், காற்றில் போகிற வழியில். வைஃபை என்பது அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான்.

ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும். ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெருக்குகின்றன. அந்த அலைவரிசையைப் பிரித்த பாதைகளில், அதாவது சேனல்களில், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். இரும்புத் தகடோ அலையைத் திருப்பியே விடும். பீரோவை விட்டு எடுங்கள்.

இன்னொன்று. அந்தக் கோடு, ரூட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கு. போன் பதில் பேசுவதும் ரூட்டருக்குக் கேட்க வேண்டுமே! போனின் குரல் சின்னது.

ரிப்பீட்டர் பலதும் ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பித் தரும், வேகம் பாதியாகும். மாடிக்கு ஒரு கேட் 6 (லேன் வயரில் ஒரு ரகம்) வயர் இழுத்து, அதன் முனையில் அக்சஸ் பாயின்ட், அதாவது வயரில் வருவதை அங்கேயே வைஃபையாகத் தருகிற பெட்டி, வைப்பதுதான் நிலையான வழி.

மாடித்தோட்டம்:
பழைய ரூட்டர் இருந்தால் அக்சஸ் பாயின்டாக அதையே மாடியில் வைக்கலாம். அதன் செட்டிங்கில் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு முகவரி எண் கொடுக்கும் வேலை) அணைத்துவிட்டு, கீழே உள்ள ரூட்டரின் முகவரி எண் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். வயரை WAN என்று போட்ட துளையில் செருகாமல் LAN என்று போட்ட துளையில் செருகுங்கள். அப்புறம், கரண்ட் வயர் போகிற பைப்பில் இந்த லேன் வயரை இழுக்க விடாதீர்கள்.

பாளை_வாசகி:
தம்பி, வயரில் 94 வந்தது. ரூட்டரை மாடிப்படிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மாட்டினோம். மாடி அறையில் வேகம் 6 வந்த இடத்தில் இப்போது 31. நேற்று வகுப்பு நிற்கவே இல்லை! ஞாயிற்றுக்கிழமை வயர் இழுக்க ஆள் வருகிறார். என்ன பார்த்து வாங்க?

வயர்மேன்_தென்காசி:
ரொம்ப சந்தோஷம் அக்கா. முழுச் செம்பு வயராகக் கேளுங்கள், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். முனை போட்டதும் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, எட்டுக் கம்பியும் நுனி வரை போயிருக்கிறதா என்று எண்ணுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் 1,000 எம்பிபிஎஸ் வர வேண்டியது 95லேயே நின்றது. பிரவுன் கம்பி பாதியில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.