பாலைவனத்தில் ஒன்பது மணிக்கு மேல் படம் மங்குவது ஏன்?

வெயில்நடை:
வணக்கம். பாலைவனத்தில் ஒருநாள் நடை, கூடவே விலங்குப் படம் என்று திட்டம். கையில் 100-400 லென்ஸ். விடிகாலையில் முடி முடியாகத் தெரியும் நரி, ஒன்பது மணிக்கு மேல் நீரில் கரைந்தது போல ஆகிவிடுகிறது. ஷட்டர் 1/1600 வைத்தும் அப்படித்தான். லென்ஸ் கோளாறா, ஃபோகஸ் கோளாறா? எவ்வளவு தண்ணீர் சுமக்க வேண்டும், முக்காலி தேவையா என்றும் சொல்லுங்கள்.

கானல்:
லென்ஸ் மேல் பழி வேண்டாம். தரை சூடேறியதும் அதை ஒட்டிய காற்று அடர்த்தி மாறி மாறி மேலெழும்; அதன் வழியே வரும் ஒளி வளைந்து வளைந்து வரும். இதுதான் கானல். வேகமான ஷட்டர் அசைவை நிறுத்துமே தவிர, வழியிலேயே வளைந்த ஒளியை நிமிர்த்தாது.

சோதிப்பது எளிது. அசையாத கல் ஒன்றைத் தொடர்ச்சியாகப் பத்து பிரேம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பு வேறு வேறாக நெளிந்தால் கானல். எல்லாவற்றிலும் கல்லுக்கு முன்னோ பின்னோ உள்ள மணல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ்.

மருந்து, தூரத்தைக் குறைப்பதுதான். டெலிகன்வெர்ட்டர் (உருவத்தைப் பெரிதாக்கும் கூடுதல் லென்ஸ்) போட்டால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். கட்டாயம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் நீளமாக பர்ஸ்ட் அடியுங்கள், அதாவது விடாமல் தொடர்ச்சியாக எடுங்கள், இடையில் ஒன்றிரண்டு தெளிவாக விழும். ஏசி காரிலிருந்து இறங்கியவுடன் எடுப்பதும் தவறு: லென்ஸும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வரும்வரை ஹூட்டுக்குள்ளேயே (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல்குழல்) ஒரு சின்னக் கானல் இருக்கும். ஹூட்டைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் வையுங்கள்.

விடிவதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருங்கள். முதல் இரண்டு மணி நேரம்தான் உண்மையான அறுவடை. பிறகு மாலைச் சாய்வெயில். தரையில் படுத்து, விலங்கின் கண்மட்டத்தில் எடுங்கள்.

நிழல்தேடி:
கடைசி வரியில் மட்டும் உடன்பாடில்லை. கானல் மிக மோசமாக இருப்பது தரையை ஒட்டித்தான். காலையில் படுக்கலாம், வெயில் ஏறிய பின் பத்து மீட்டருக்குள் இருக்கும் ஓணானுக்கு மட்டும் படுங்கள். அதற்கு மேல் தூரமென்றால் எழுந்து நில்லுங்கள், மேடு கிடைத்தால் இன்னும் நல்லது.

நெருங்குவது என்றால் நேராகப் போவதல்ல. குறுக்கும் நெடுக்குமாக, மேய்ந்து போவது போல நடக்க வேண்டும். விலங்கு தலை தூக்கிப் பார்த்தால் நின்றுவிடுங்கள். இரண்டாம் முறையும் தூக்கினால் அதுதான் எல்லை. வெயிலில் விரட்டப்பட்ட விலங்கு இழக்கும் நீரை அன்றைக்குள் ஈடுகட்ட முடியாமல் போகலாம். நீர்நிலை ஓரத்தில் மறைவு போடுவதும் வேண்டாம். கல்கௌதாரி போன்ற பறவைகள் நீருக்காக வெகுதூரம் பறந்து வருபவை, ஆளைக் கண்டால் குடிக்காமலே திரும்பும்.

மணல்வாரி:
தண்ணீர்: வெயிலில் நடக்க மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர். ஆறு மணி நேர நடைக்கு 5 லிட்டர், அதாவது 5 கிலோ. அதனால்தான் முக்காலியை விடச் சொல்கிறேன். காலியான பீன்பேக் (லென்ஸைத் தாங்கும் துணிப்பை) எடுத்துப்போய் அங்கேயே மணல் நிரப்புங்கள், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை வைத்து. இல்லையென்றால் ஜிப் வழியே பொடி கசியும். முக்காலிதான் வேண்டுமென்றால் அடிக்காலைக் கொஞ்சம் நீட்டியே ஊன்றுங்கள். காலை இறுக்கும் பூட்டு மணலுக்குள் புதைந்தால் அப்புறம் நறநறதான்.

மூன்றில் ஒரு பங்கு நீர் தீர்ந்ததும் திரும்புங்கள், எது கண்ணில் பட்டாலும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறையும். உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு வையுங்கள்.

வெளியே லென்ஸ் மாற்ற வேண்டாம். கண்ணாடியில் மணல் பட்டால் முதலில் ரப்பர் ஊதி, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. வரிசை மாறினால் லென்ஸின் மேற்பூச்சில் கீறல் விழும்.

வெயில்நடை:
நன்றி. மணல் எப்போதும் சாம்பலாக வருகிறதே, அது?

கானல்:
வெளிர்மணலை கேமராவின் ஒளிமீட்டர் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7இல் தொடங்கி ஹிஸ்டோகிராமை (இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள், வலது ஓரத்தில் முட்டாத வரை +1 வரை போகலாம். வெள்ளை வயிற்றுப் பறவை என்றால் கூட்டாதீர்கள், இறகு வெளுத்துவிடும். பதினொன்று முதல் மூன்று வரை கேமராவை வெள்ளைத் துணியால் மூடிப் பையில் வைத்துவிட்டு நிழலில் உட்காருங்கள். உட்காரும் முன் புதரடியைக் கோலால் தட்டிப் பாருங்கள். அந்த நிழலைத் தேடி உங்களுக்கு முன்பே ஒரு பாம்பு வந்திருக்கலாம்.