வெயிலில் இ-ரீடர் எழுத்து வெளிறுகிறது: பழுதா, இதன் குணமே இதுதானா?

நிழல்தேடி:
வணக்கம். வெளியே காற்றாட உட்கார்ந்து படிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். வெயிலில் செல்போன் திரை கண்ணாடி மாதிரி என் முகத்தைத்தான் காட்டுகிறது என்பதால் இ-இங்க் ரீடர் (காகிதம் போன்ற திரையுள்ள, மின்நூல் படிக்கும் கருவி) வாங்கினேன். நிழலில் அருமை. நேர் வெயிலில் மட்டும், பக்கம் புரட்டியதும் எழுத்து சாம்பல் பூத்து, திட்டுத்திட்டாக வருகிறது. மெய்யெழுத்துகளின் புள்ளியே காணாமல் போகிறது. ஆனால் நிழலில் திறந்துவிட்டு வெயிலுக்குக் கொண்டுவந்த பக்கம் அப்படியே கருப்பாக நிற்கிறது! திரை விளக்கை முழுசாகக் கூட்டியும் பயனில்லை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா, பேசாமல் காகிதத்துக்கே திரும்பிவிடலாமா?

அச்சுமை:
திரும்பி வாங்க. காகிதம் சார்ஜ் கேட்காது, கீழே விழுந்தாலும் உடையாது.

சுற்றுப்பலகை:
நண்பரே, விடையை நீங்களே பாதி சொல்லிட்டீங்க. நின்ற பக்கம் வெளிறல, புரட்டின பக்கம்தான் வெளிறுது.

இ-இங்க் திரைக்குள்ள நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொண்ணுலயும் கருப்பு, வெள்ளைத் துகள்கள், எதிரெதிர் மின்னேற்றத்தோட மிதக்கும். பக்கம் மாறும்போது அடியில இருக்கிற டிரான்சிஸ்டர்கள் (சிலிக்கனால ஆன குட்டி மின் சுவிட்சுகள்) மின்னழுத்தம் கொடுத்து அதுகளை மேலேயும் கீழேயும் தள்ளும். தள்ளி முடிச்சதும் மின்சாரமே வேணாம், துகள் அங்கேயே நிக்கும். அதனாலதான் பழைய பக்கத்தை வெயில் ஒண்ணும் செய்யல.

சிக்கல் அந்தத் தள்ளுற நேரத்துல. அந்தச் சிலிக்கன் மேல பலமான வெளிச்சம் பட்டா மின்சாரம் கசியும் (சோலார் பேனல் ஓடுறதே சிலிக்கனோட இந்தக் குணத்தாலதான்). கசிஞ்சா துகளுக்குப் போதுமான தள்ளு கிடைக்காது, பாதி வழியில நின்னுடும். நீங்க பார்க்கிற சாம்பல் அதுதான். எல்லாத் திரையிலயும் வராது, சிலதுல வரும்.

சோதிச்சுப் பாருங்க: வெயில்லயே இருந்து, புரட்டுற அந்த நொடி மட்டும் உள்ளங்கையால திரைக்கு நிழல் கொடுங்க. எழுத்து கருப்பா வந்தா காரணம் இதுதான். வீட்டுக்குள்ள, சூடு ஆறின பிறகும் திட்டு வந்தா மட்டும் பழுதுன்னு வாரண்டியில கேளுங்க.

திரை விளக்கை அணைச்சிடுங்க. காகிதம் மாதிரியே இந்தத் திரையும் மேல விழுற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் தெரியுது. வெயிலுக்கு முன்னாடி அந்தக் குட்டி விளக்கு எம்மாத்திரம்?

பக்கம்புரட்டி:
அச்சுமை அண்ணா, உச்சிவெயிலில் வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சான புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள், கண் கூசி நாலு வரி தாண்டாது. மங்கலான சாதாரணத் தாள் என்றால் சரி, ஆனால் அதைத் தினமும் வெயிலில் வைத்தால் தாளிலுள்ள லிக்னின் (மரக்கூழோடு வரும் பொருள்) பழுப்பேறிவிடும். காற்றடித்தால் ஒரு கை பக்கத்தைப் பிடிக்கவே போய்விடும்.

எனக்கு இ-ரீடரில் உள்ள குறை வேறு. ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகங்களின் பிடிஎஃப் சின்னத் திரையில் எறும்பு எழுத்து, பெரிதாக்கினால் வரி வெட்டுப்படும். அவற்றை அச்சில்தான் படிக்கிறேன். இபப் கோப்பு (திரைக்கேற்ப எழுத்தை மாற்றிக்கொள்ளும் மின்நூல்) என்றால் எழுத்தின் தடிமனைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், புள்ளிகள் தப்பிக்கும்.

நிழல்தேடி:
சுற்றுப்பலகை சார், உள்ளங்கை நிழலில் புரட்டினேன், மை போலக் கருப்பு! பிறகு வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், என் நிழலே திரையில் விழுவதால் கையும் தேவைப்படவில்லை. மாற்றிக் கேட்கப் போவதில்லை. இன்னொன்று: வியர்வைத் துளி விழுந்தால் பக்கம் தானாக ஓடுகிறதே?

சுற்றுப்பலகை:
தொடுதிரை துளியையும் விரல்னு நினைச்சுக்கும். துணியால ஒத்தி எடுங்க. அமைப்புகள்ல தொடுதலை முடக்க வழி இருந்தா, பட்டன் உள்ள கருவியில அதுவே நல்லது. கருவியில ஐபிஎக்ஸ்8னு (தண்ணி தாங்கும் தரக்குறியீடு) போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணியில செஞ்சது. கடற்கரைக்குக் கொண்டுபோனா உப்புத்தண்ணி படாம பார்த்துக்கோங்க, பட்டா உடனே நல்ல தண்ணி நனைச்ச துணியால துடைங்க.

பக்கம்புரட்டி:
நிறுத்திய காருக்குள் மட்டும் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ரீடரின் லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் தேயும், பசை போட்டு ஒட்டிய புத்தகத்தின் முதுகும் இளகிப் பக்கம் கழன்று வரும்.

சுற்றுப்பலகை:
ஆமா. வெயில்லருந்து வந்த கையோட சார்ஜ்ல போடாதீங்க, தொட்டுப் பார்த்துச் சூடு ஆறின பிறகு போடுங்க.