கோடை வெயிலில் வளைந்த இசைத்தட்டுகள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வீணைப்பிரியன், திருச்சி

போன மே மாதம், கத்திரி வெயில் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது அவருடைய எல்.பி. தட்டுகள் பன்னிரண்டையும் பெரியம்மா என்னிடம் கொடுத்தார். காரில் பின் சீட்டுக்கு மேலே, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகையில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். பேச்சு நீண்டு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

அட்டை உறையைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உருவிப் பார்த்தபோதுதான், மேலே இருந்த மூன்று தட்டுகள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. அதில் ஒன்று பெரியப்பா ஞாயிறு காலைதோறும் போடும் வீணைக் கச்சேரி. ஓடவிட்டால் முள் ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி ஆகும். அதே கணக்கில் சுருதி அசைகிறது. சினிமாப் பாட்டாக இருந்தால் காது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வீணையில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தும் கார்வையில் அது தாங்கவே முடியவில்லை.

காரில் வைத்தது என் தவறு. ஆனால் இப்போது வீட்டில் இருக்கும் மற்ற தட்டுகளை நினைத்தும் பயமாக இருக்கிறது. அறைச் சூடே போதுமா, தட்டு வளைய?

பழைய ரெக்கார்டு, மேற்கு மாம்பலம்

தம்பி, அறைச் சூட்டுக்குப் பயப்பட வேண்டாம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது. என் வீட்டில் அப்போது ஏறக்குறைய முந்நூறு தட்டுகள், ஏசி கிடையாது, மின்விசிறி மட்டும்தான். எல்லாம் அலமாரியில் புத்தகம் மாதிரி நேராக நின்றன. ஒன்றுகூட வளையவில்லை.

வளைந்தது வேறொரு நாள், அதுவும் பிப்ரவரியில். ப்ளேயரில் தட்டைப் போட்டு, தூசி விழாமல் அக்ரிலிக் மூடியைச் சாத்திவிட்டு வெளியே போனேன். மேற்கு ஜன்னல் வழியாக நாலு மணி வெயில் நேராக அந்த மூடி மேல் விழுந்திருக்கிறது. உள்ளே போன சூடு வெளியே வர வழியில்லை. தட்டோ கன்னங்கரேல் என்று இருப்பது, வெயிலை அப்படியே குடிக்கும். தட்டு செய்யும் பி.வி.சி. 60 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் டேஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஆக, காற்றின் சூட்டைவிட அடைபட்ட வெயிலைத்தான் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து அந்த ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டிருக்கிறேன்.

மதுரைக்காரி

அண்ணா சொல்வது சரி, ஆனால் பாரமும் சேர்ந்தால் கதை வேறு. எங்கள் வீட்டில் அம்மா தட்டுகளைப் பரணில் படுக்கப் போட்டு, மேலே பித்தளை அண்டாவை ஏற்றியிருந்தார். பரணுக்கு நேர் மேலே மொட்டை மாடித் தளம். பத்து வருடம் கழித்து இறக்கினால் அத்தனையும் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தன. ஒரு நாளில் நடந்ததில்லை, ஒவ்வொரு கோடையும் கொஞ்சம் கொஞ்சமாக. சிலவற்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை பிசுபிசுத்துத் தட்டோடு ஒட்டிக்கொண்டு, பிரித்த இடத்தில் மங்கலாகப் படை படையாகத் தெரிகிறது. அந்த இடங்களில் இரைச்சல் கேட்கிறது.

அரக்குத்தட்டு, காரைக்குடி

78 சுற்றுத் தட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது பி.வி.சி. இல்லை, அரக்கு. மரத்தில் பூச்சி விடுகிற அதே அரக்குதான், கல்பொடி சேர்த்து அழுத்தியிருப்பார்கள். எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் கரையான் வாசனை வந்ததால், காயட்டும் என்று முற்றத்து வெயிலில் திறந்துவைத்தோம். நாகஸ்வரத் தட்டு ஒன்று, பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடுவது, விளிம்பு தொங்கிப்போயிற்று. பதறிப்போய் நிழலுக்கு எடுத்துவந்தேன். ஆறிய பிறகு கையால் லேசாக அழுத்தி நிமிர்த்தப் பார்த்தேன். படக்கென்று இரண்டாக உடைந்தது. சூட்டில் இளகும், ஆறினால் கண்ணாடி மாதிரி. அந்த வித்வானின் அந்தத் தட்டு எங்கள் குடும்பத்தில் வேறு யாரிடமும் இல்லை. தயவுசெய்து யாரும் கையால் நிமிர்த்த வேண்டாம்.

கோவை கேட்போன்

சி.டி. பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய சி.டி.க்கள் என் காரில் பல கோடை கிடந்தன. கேஸ் கோணலாயிற்று, தட்டு இன்றும் ஓடுகிறது. அது பாலிகார்பனேட், இளக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் 2005இல் நாங்களே கணினியில் எழுதிய சி.டி., மகள் ஏழு வயதில் பாடிய கீர்த்தனைகள், அதே காரில் அதே இடத்தில் இருந்தது, அடுத்த வருடமே படிக்கவில்லை. எழுதும் சி.டி.யில் பாட்டைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெளிச்சமும் சூடும் சேர்ந்து அதை வெளுக்க வைத்துவிடும். பார்க்க வளைவும் இல்லை, கீறலும் இல்லை. அதனால் நகல் எடுத்துவைக்கத் தோன்றவே இல்லை. வீட்டில் எழுதிய சி.டி. வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

வீணைப்பிரியன், திருச்சி

எல்லோருக்கும் நன்றி. மீதித் தட்டுகளை நேராக நிறுத்தி, உள்சுவர் ஓரமாக அலமாரியை நகர்த்திவிட்டேன். வெயிலில் காயவைத்து நிமிர்த்தலாம் என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். காரைக்குடிக்காரரின் பதிவைப் படித்த பிறகு மனம் வரவில்லை. தடித்த கண்ணாடி இரண்டுக்கு நடுவே ஒவ்வொரு தட்டாக வைத்து, மேலே பழைய அகராதிகளை அடுக்கி, அறைச் சூட்டிலேயே மூன்று வாரம் விட்டேன்.

இரண்டு தட்டுகள் கேட்கும்படி ஆகிவிட்டன. வீணைத் தட்டு முழுவதும் சரியாகவில்லை. நெளிவு, பாட்டு தொடங்கும் வெளி விளிம்பில்தான் அதிகம், அதனால் முதல் உருப்படியில் சுருதி இன்னும் ஆடுகிறது. இரண்டாவதிலிருந்து நன்றாக இருக்கிறது. போன ஞாயிறு பெரியம்மா வந்திருந்தார். முள்ளை இரண்டாவது உருப்படியில் வைத்தேன். கடைசி வரை உட்கார்ந்து கேட்டார்.